பஞ்சுவின் முதல் கோடை

மைன்கிராஃப்ட் வீடியோ கேமில் பார்த்துவிட்டு, வாங்கித் தந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள் மகள். ஆக்ஸலாட்டல். நியூட் என்கிற, பல்லி மாதிரித் தெரியும் நீர்நில உயிரிக்குச் சொந்தக்காரன். வளர்ந்த பிறகும் செவுளை விடாமல் தண்ணீருக்குள்ளேயே ஆயுசைக் கழிக்கும். மெக்சிகோவின் சொச்சிமில்கோ ஏரிதான் பூர்வீகம். 16 முதல் 18 டிகிரி தண்ணீர் இருந்தால் சுகமாக இருக்கும், 24-ஐத் தாண்டினால் ஆபத்து. நாங்கள் இருப்பதோ தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்.

வாங்கியது ஜூலையில். இங்கே அது குளிர்காலம். ஆறு வாரம் முன்பே நூறு லிட்டர் தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டுவந்தேன். அது அழுகி அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேறும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் ஆன பிறகுதான் பஞ்சு வந்தாள். வெள்ளை உடம்பு, ரோஜா நிறச் செவுள். "இது பல்லியா, மீனா?" என்றார் அத்தை.

டிசம்பரில் தெர்மாமீட்டர் 27 காட்டியது. தண்ணீர் மேல் ஃபேன் காற்று பட்டால் மூன்று டிகிரி இறங்கும் என்றார்கள். எனக்கு ஒரு டிகிரிகூட ஒழுங்காக இறங்கவில்லை. காலையில் காயப்போட்ட துணி மாலைவரை ஈரமாகவே கிடக்கிற ஊரில் தொட்டித் தண்ணீர் மட்டும் எப்படி ஆவியாகும்? சரி என்று இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்து மாற்றி மாற்றி மிதக்கவிட்டேன். காலையில் 20, மாலையில் 25. இந்த ஏற்ற இறக்கமும் அதற்கு ஆகாது. நடுவில் அப்போதைய லோட் ஷெட்டிங் மின்வெட்டு வேறு: இரண்டு மணி நேரம் ஃபில்டரும் நிற்கும், ஃப்ரீசரும் நிற்கும்.

தைப்பூசம் நெருங்கியது. அத்தைக்குக் காவடி விரதம். வீடு முழுக்கக் கழுவித் துடைத்தோம். ஃப்ரிட்ஜைத் திறந்தவர் பஞ்சுவுக்கு வைத்திருந்த மண்புழு டப்பாவைப் பார்த்துவிட்டு, "சாமிக்கு விரதம் இருக்கிற வீட்டுல புழுவா?" என்றார். டப்பா கராஜுக்குப் போனது. கழுவுகிற வேகத்தில் நான் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் பிழிந்து பிழிந்து பளிச்சென்று ஆக்கிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து பஞ்சு சாப்பிடவில்லை. செவுள்கள் முன்பக்கம் சுருண்டிருந்தன. வால் நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது. ஒரு செவுளில் பஞ்சுத் துணுக்கு மாதிரி பூஞ்சை. வெயில்தான் காரணம் என்று நினைத்து ஐஸ் பாட்டிலைக் கூட்டினேன். மூன்று நாள் அப்படியே போனது. அப்புறம்தான் டெஸ்ட் கிட்டை எடுத்தேன். குழாயில் ஐந்து மில்லி தண்ணீர், சொட்டு மருந்து, ஐந்து நிமிடம். மஞ்சளாக நிற்க வேண்டியது பச்சையாகிவிட்டது. அம்மோனியா! குழாய்த் தண்ணீரின் குளோரின் ஸ்பாஞ்சிலிருந்த பாக்டீரியாவைக் கொன்றிருக்கிறது. தண்ணீர் சூடாக இருந்தால் அம்மோனியாவின் விஷமும் கூடும். ஆக வெயிலுக்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் குற்றவாளி நான்தான்.

அன்றிரவே பஞ்சுவைப் பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினேன். தினமும் முழுத் தண்ணீரும் மாற்றம். குளோரின் நீக்கும் மருந்தில் கற்றாழை கலக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆக்ஸலாட்டலின் தோல் எதையும் உறிஞ்சிவிடும். மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் தன் தொட்டியில் ஊறிய பழைய ஸ்பாஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்தார். அழுக்குப் பிடித்த அந்தத் துண்டை நான் வாங்கிக்கொண்ட பக்தியைப் பார்த்து என் கணவர் சிரித்தார்.

தொட்டியையும் இடம் மாற்றினோம். வடக்கு ஜன்னல் பக்கம் வைத்திருந்தது என் தமிழ்நாட்டுப் புத்தி. இங்கே வெயில் வடக்கிலிருந்துதான் அடிக்கும். தெற்கு அறையின் டைல்ஸ் தரைப் பக்கமாக வைத்ததிலேயே இரண்டு டிகிரி குறைந்தது. மீதிக்கு, தண்ணீரைக் குளிர்விக்கும் பழைய சில்லர் ஒன்றை வாங்கினோம். விலையைப் பற்றி வீட்டில் பேச்சு வேண்டாம் என்று ஒப்பந்தம்.

மூன்று வாரத்தில் பூஞ்சை உதிர்ந்தது. தொட்டியில் அம்மோனியா பூஜ்யம் ஆனதும் பஞ்சு திரும்பினாள். இப்போது ஸ்பாஞ்சைப் பிழிவது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும்தான், அதுவும் லேசாக. புழுவை நீட்டியதும் சட்டென்று வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிக்கொண்டதை அத்தையும் குனிந்து பார்த்தார்.

புழு டப்பா இன்னும் கராஜில்தான் இருக்கிறது.