மழை வந்தால் அறுந்துபோகும் இணையம்: பழுதைத் தேடிப் பிடித்த அனுபவம்

வானம் கறுத்தால் போதும், வீட்டில் இணையம் தடுமாற ஆரம்பித்துவிடும். புகார் கொடுத்தால் ஆள் வருவார். அவர் வரும் நேரம் பார்த்து வெயில் அடிக்கும், வேகமும் சரியாக இருக்கும். "நல்லாத்தானே வருது" என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டுப் போய்விடுவார். மழைக்காலப் பழுதின் பெரிய தொல்லையே இதுதான். பழுது இருக்கும்போது பார்க்க ஆள் இல்லை, ஆள் இருக்கும்போது பழுது இல்லை. அதனால் பழுது நடக்கிற நேரத்தில் நாமே ஆதாரத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். எனக்குப் பிரச்சினை தீர்ந்தது அப்படித்தான்.

எங்களுடையது ஃபைபர் இணைப்பு. முதலில் பார்த்தது, அறுந்துபோவது வைஃபையா அல்லது வெளியிலிருந்து வரும் லைனா என்பதை. மடிக்கணினியை ரூட்டரில் கேபிள் போட்டு இணைத்து, திரையில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் பிங் (பதில் வருகிறதா என்று விடாமல் கேட்டுப் பார்க்கும் சோதனை) ஓடவிட்டேன். மழை வலுத்தபோது வெளி முகவரி பதில் தருவதை நிறுத்தியது. ரூட்டர் மட்டும் ஒழுங்காகப் பதில் தந்துகொண்டே இருந்தது. ஆக, வீட்டுக்குள் குறை இல்லை. மழை வைஃபையைக் கெடுத்துவிடும் என்று பலர் சொல்வார்கள். வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மழை ஒன்றும் செய்யாது. மழைத்துளிகள் பெரிதாகத் தொந்தரவு செய்வது சுமார் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான். டிஷ் ஆன்டெனா வழியாக இணையம் வாங்குபவர்களுக்கு அது உண்மையான கவலை.

அடுத்து மின்சாரம். காற்று மழையில் மின்னழுத்தம் ஒரு நொடி விழுந்து எழுந்தாலே ஃபைபர் வந்து சேரும் பெட்டி மறுபடி துவங்கிவிடும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் (பிரவுசரில் அதன் முகவரியைத் தட்டினால் திறக்கும் பக்கம்) அது எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து ஓடுகிறது என்ற கணக்கு இருக்கும். இணையம் போய் வந்த பிறகும் அந்தக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. சரி, மின்சாரமும் இல்லை.

மிச்சம் இருந்தது ஒளி. ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில், 'ஆப்டிகல்' என்ற தலைப்பின் கீழ், பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். இந்த ஒரு எண்ணைத்தான் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். அது எப்போதும் மைனஸில் இருக்கும். மைனஸ் 20 டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. மூன்று குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். பரவலாக இருக்கும் ஜிபான் வகைப் பெட்டிகளுக்கு ஏறக்குறைய மைனஸ் 27 வரைதான் தாங்கும். அதற்குக் கீழே போனால் எந்த நேரமும் இணைப்பு விழலாம்.

வெயில் நாளில் என் பெட்டி மைனஸ் 23 காட்டியது. வேலை செய்கிறது, ஆனால் கையிருப்பு அதிகமில்லை. மழை பிடித்ததும் பக்கத்தை அவ்வப்போது புதுப்பித்து, நேரத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் கைபேசியில் திரையைப் படமும் எடுத்தேன். மைனஸ் 24, 25, பிறகு 27. கொஞ்ச நேரத்தில் பெட்டியில், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்ன ஆரம்பித்தது.

குறித்து வைத்ததைச் சேர்த்துப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. மழை தொடங்கிய உடனே எண் விழவில்லை, கொஞ்சம் தாமதித்துத்தான் மெல்ல இறங்கியது. மழை விட்ட பிறகும் உடனே ஏறாமல், காயக் காயத்தான் பழைய நிலைக்கு வந்தது. காற்றில் கேபிள் ஆடி மடங்குவதாக இருந்தால் எண் திடீர் திடீரென்று விழுந்து எழும். இப்படி மெதுவாக இறங்கி மெதுவாக ஏறினால் எங்கோ ஓர் இணைப்புக்குள் தண்ணீர் போகிறது என்று சந்தேகிக்கலாம். கண்ணாடி இழைக்குள் போகும் ஒளியை மழை தொடுவதில்லை. வலுவில்லாத இடம் இரண்டு இழைகள் சேரும் முனைதான். ஒளி போகும் நடுப்பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதன் முகத்தில் ஈரமும் அழுக்கும் படிந்தால் போதும்.

பக்கத்து வீட்டிலும் கேட்டேன். அவர்களுக்கும் அதே நிறுவனத்தின் இணைப்புதான், ஒரே கம்பத்திலிருந்துதான் வருகிறது. மழையில் அவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. ஓர் இழையிலிருந்து வரும் ஒளியை ஸ்ப்ளிட்டர் 32, 64 என்று பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. குறை அதற்கு முன்னால் இருந்தால் அவர்களும் பாதிக்கப்பட்டிருப்பார்கள். அப்படியானால் கம்பத்துக்கும் என் வீட்டுக்கும் நடுவில்தான் தேட வேண்டும்.

மழை ஓய்ந்ததும் தரையில் நின்றபடியே கேபிள் வரும் வழியைக் கண்ணால் தொடர்ந்தேன். வெளிச்சுவரில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி. கேபிள் மேலேயிருந்து நேராக அதன் தலைப்பக்க ஓட்டைக்குள் இறங்கியது. கேபிளைப் பிடித்துக்கொண்டு வழிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்த ஓட்டைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இத்தனை நாள் பட்ட பாட்டுக்கும் விடை கிடைத்துவிட்டது. நான் பெட்டியைத் திறக்கவில்லை. ஃபைபர் முனையில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர், அதை நேராகப் பார்க்கவே கூடாது. மின்கம்பி போகும் இடத்தில் ஈரத்தில் ஏணி போடுவதும் வேண்டாத வேலை.

இந்த முறை புகார் கொடுக்கும்போது "மழையில் நெட் வரவில்லை" என்று சொல்லவில்லை. "வெயிலில் மைனஸ் 23, மழையில் மைனஸ் 27, பிறகு எல்ஓஎஸ். வெளிச்சுவர்ப் பெட்டியில் தண்ணீர் இறங்குகிறது. பக்கத்து வீட்டில் பிரச்சினை இல்லை" என்று எழுதிப் படங்களையும் அனுப்பினேன். ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லும் வழக்கமான பேச்சே வரவில்லை. வந்த டெக்னீஷியன் நேராக அந்தப் பெட்டிக்குத்தான் போனார். உள்ளே பச்சை நிற கனெக்டரின் முகத்தில் பழுப்பாகக் கறை படிந்திருந்தது. துடைத்துப் போடலாம் என்றார். துடைத்தால் அடுத்த மழை வரைக்கும்தான் தாங்கும், கனெக்டரை எடுத்துவிட்டு இழையைச் சூட்டில் ஒட்டும் ஸ்ப்ளைசிங் செய்து தாருங்கள் என்று கேட்டேன். கேட்டதும் செய்துகொடுத்தார். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி, கேபிள் கீழிருந்து நுழையும்படி மாட்டினார். நுழையும் முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டார், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வளைவு இறுக்கமாக இருக்கக் கூடாது, இருந்தால் அங்கேயே ஒளி கசியும். அவர் கிளம்பும் முன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். மைனஸ் 19.

அதன் பிறகு வந்த கனமழைகளிலும் எண் அசையவில்லை.

செம்புக் கம்பி இணைப்பிலும் இதே முறையில் தேடலாம், பார்க்க வேண்டிய எண் மட்டும் வேறு. அங்கே எஸ்என்ஆர் மார்ஜினை (இரைச்சலைத் தாண்டி இணைப்பு நிற்பதற்குக் கையில் இருக்கும் கூடுதல் சிக்னல் அளவு) குறித்து வையுங்கள், 6 டெசிபெலுக்குக் கீழே இறங்கினால் கம்பியின் இணைப்புகளில் ஈரமோ துருவோ இருக்க வாய்ப்பு அதிகம். மழையிலும் எண் அசையாமல் இருந்து, இணையம் மட்டும் போய் வருகிறது என்றால் பழுது பெரும்பாலும் உங்கள் வீட்டு லைனில் இருக்காது, நிறுவனத்தின் பக்கம் தேடச் சொல்லி அந்தக் குறிப்புகளையே அனுப்புங்கள்.