நாய்ப் பெட்டியைத் திறப்பதற்கு முன்

எங்கள் வேட்டை நாய் ஜூன் பிழைத்துவிட்டாள். நாய் வளர்ப்பவர்கள் அது தெரியாமல் மேலே படிக்க மாட்டார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்தொடையில் பெரிய தழும்பு. அந்த இடத்தில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஆனால் ஓடுகிறாள், மோப்பம் பிடிக்கிறாள், தன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மற்ற இரண்டு நாய்களையும் நெருங்க விடுவதில்லை.

நாங்கள் இருப்பது மொன்டானா மாநிலத்தின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில். மேற்கே மலைமுகட்டைத் தாண்டினால் ஐடஹோ மாநிலம். இங்கே டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 14 வரை நாய்களை வைத்து மலைச்சிங்க (பூமா) வேட்டை நடக்கும். உரிமம் வாங்குவது, சுட அனுமதித்த எண்ணிக்கை (கோட்டா) நிரம்பிவிட்டதா என்று தினமும் பார்ப்பது, நாய்களுக்குத் தடுப்பூசி எல்லாம் தொல்லையில்லாமல் முடிந்தன. தொல்லை முழுக்க ஓநாயால் வந்தது. சரியாகச் சொன்னால், ஓநாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லாததால் வந்தது.

மலைச்சிங்கம் நாய்க் கூட்டத்தைக் கண்டால் பெரும்பாலும் மரமேறிவிடும். ஓநாய் அப்படியில்லை. தன் எல்லைக்குள் சத்தம் போட்டுக்கொண்டு வரும் நாய்களை அது எதிரிக் கூட்டமாகத்தான் எடுத்துக்கொள்ளும். தேடி வந்து கொல்லும். காற்றில்லாத குளிர்காலைப் பொழுதில் மூன்று நாய்கள் மரத்தடியில் நின்று விடாமல் குரைத்தால் அடுத்த பள்ளத்தாக்கு வரை கேட்கும். ஜனவரி, பிப்ரவரி ஓநாய்கள் இணைசேரும் காலம், எல்லை விஷயத்தில் இன்னும் மூர்க்கமாக இருக்கும். நாம் காட்டுக்குள் போவதும் அதே மாதங்களில்தான்.

சீசன் தொடங்கும் முன்பே ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இந்தக் குளிர்காலத்தில் எந்தெந்த ஓடைப் பக்கம் ஓநாய்க் கூட்டம் சுற்றுகிறது என்று தெரிந்தால் போதும். கவுன்டரில் இருந்தவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “ரேடியோ காலர் போட்ட ஓநாய்களின் இருப்பிடத்தை வெளியில் சொல்வதில்லை” என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ஓநாய் வேட்டைக்கும் அதே குளிர்காலத்தில்தான் சீசன். சரி, துல்லியமான இடம் வேண்டாம், ஓடையின் பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றேன். உள்ளே போய்விட்டு வந்து போன வருட அறிக்கையைக் கையில் கொடுத்தார். அதிலிருந்த வரைபடத்தில் எங்கள் மாவட்டம் முழுக்க ஒரே நிறம். பனி உறைந்த சாலையில் போய்வந்ததில் பாதி நாள் வீணாய்ப் போனதுதான் மிச்சம்.

விஸ்கான்சினில் வேட்டை நாயை ஓநாய் கொன்றால், அந்த இடத்தைச் சுற்றி எச்சரிக்கைப் பகுதி என்று மாநில இயற்கைவளத் துறையே வரைபடம் போட்டு எல்லோருக்கும் தருகிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது என்பதற்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

உருப்படியான பாடம் கிடைத்தது பக்கத்து வீட்டுப் பெரியவரிடம். இளவயதிலிருந்தே நாய் வைத்திருப்பவர். 1995, 1996-இல் கனடாவிலிருந்து 35 ஓநாய்களைக் கொண்டுவந்து ஐடஹோவின் நடுப்பகுதியில் விட்டார்கள். அதன் பிறகு இந்த மலைகளில் ஓநாய் பெருகியதைக் கண்ணெதிரே பார்த்தவர். அதற்கு முன்பெல்லாம் நாய்களை ராத்திரி முழுக்க மரத்தடியில் விட்டுவிட்டு, விடிந்ததும் போய்க் கூட்டிவருவாராம். இப்போது மதியத்துக்கு மேல் நாயையே அவிழ்க்க மாட்டார். அவர் சொல்லிக்கொடுத்த முதல் விதி இதுதான்: சிங்கத்தின் தடம் கிடைத்ததும் வண்டியில் இருக்கும் நாய்ப் பெட்டியைத் திறக்காதே, அந்த மலையை முதலில் ஒரு சுற்று சுற்றி வா.

மேலும் கீழும் இரு பக்கமும் உள்ள வனச்சாலைகளில் வண்டியை ஊர்ந்து ஓட்டி, ராத்திரி விழுந்த பனியில் ஓநாய்த் தடம் குறுக்கே போகிறதா என்று பார்க்க வேண்டும். சிங்கத்தின் தடம் வட்டமாக இருக்கும், நகம் பதியாது, பாதத்தின் பின்பக்கம் மூன்று மேடு தெரியும். ஓநாயின் தடம் நீளமானது, 11, 12 செ.மீ. வரை வரும், முன்னால் நகம் பதிந்திருக்கும். இதில் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. ஆழமான பனியில் ஓநாய்கள் ஒன்றின் காலடியிலேயே அடுத்தது கால்வைத்து வரிசையாகப் போகும். பார்த்தால் ஒற்றை ஓநாய் போன மாதிரிதான் இருக்கும். அந்தத் தடத்தோடு கொஞ்ச தூரம் நடந்து போங்கள். வளைவிலோ, விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டுகிற இடத்திலோ பிரியும். அப்போதுதான் எத்தனை என்று தெரியும். அண்டங்காக்கைகள் கூட்டமாக இறங்குகிற இடத்தில் ஏதோ இரை கிடக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கமே வேண்டாம்.

சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல ஆண் சிங்கத்தின் புதுத் தடத்தை அப்படியே விட்டுவிட்டு வீடு திரும்பிய காலைகள் பல. வயிறு எரியும். எரியட்டும்.

ஜூனுக்கு அடிபட்ட அன்றும் சுற்றினோம். விடியும் முன்பே கிளம்பி மூன்று பக்கமும் பார்த்தாயிற்று, எதுவும் இல்லை. நான்காவது பக்கத்துச் சாலையைக் கேட் போட்டுப் பூட்டியிருந்தார்கள். திறந்திருக்கும் என்று முதல் நாள் அரசு அலுவலகத்தில் போனில் சொன்ன சாலை அது. இறங்கி நடந்து போய்ப் பார்த்தோம், அங்கும் தடம் இல்லை. அதே போனில், அந்தப் பக்கம் ஓநாய் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். கண்ணி வைக்கிற ஒருவர் அதே முகட்டில் ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவர்களுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தார் என்பது எல்லாம் நடந்து முடிந்த பிறகு, அங்கேயே இன்னொருவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நாய்களை விட்டதும் ஒருவர் பின்னாலேயே நடக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வண்டியில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்து, சிங்கம் மரமேறிய பிறகு போய்க்கொள்ளலாம் என்பது ஓநாய் இல்லாத ஊருக்குச் சரி. ஜிபிஎஸ் காலர் 14 கி.மீ. வரை எட்டும் என்பது தடையில்லாத வெட்டவெளிக் கணக்கு. நடுவில் ஒரு முகடு வந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டரிலேயே கையிலிருக்கும் கருவியின் திரை வெறுமையாகிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. மூன்று நாய்களும் மரத்தடியில் நிற்பதாகக் காட்டியது, பிறகு சிக்னல் போய்விட்டது. மூச்சு வாங்க முகட்டில் ஏறியதும் திரும்பி வந்தது. டியூக்கும் ஸ்கவுட்டும் அதே இடத்தில். ஜூன் மட்டும் சரிவில் வேகமாகக் கீழே போய்க்கொண்டிருந்தாள். மேலே சிங்கம் இருக்கும்போது மரத்தை விட்டு நகர்கிற நாய் இல்லை அவள். அடுத்த நொடி அவள் கத்துவது கேட்டது.

காலரில் பீப் ஒலி எழுப்பும் டோன் பட்டனைக் கருவியில் அழுத்தினேன். கோடை முழுக்க அந்த பீப் ஒலிக்குப் பழக்கியிருந்தோம். பீப் கேட்டு ஓடிவந்தால் எல்க் மான் இறைச்சி ஒரு துண்டு. முதலில் வீட்டு முற்றத்தில், அப்புறம் வயலில், அப்புறம் அணிலைத் துரத்திக்கொண்டு தலைதெறிக்க ஓடும்போது. மரத்தை விட்டு வருகிற நாய் கெட்டுப்போன நாய் என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். ஓநாய் உள்ள காட்டில் அந்தப் பேச்சை நான் ஏற்க மாட்டேன். டியூக்கும் ஸ்கவுட்டும் பீப் கேட்டதும் மரத்தை விட்டு நேராக என்னிடம் வந்து காலோடு ஒட்டிக்கொண்டன. இந்த சீசனில் எனக்குக் கிடைத்த பெரிய வெற்றி அதுதான். எந்தச் சிங்கமும் அதற்கு ஈடாகாது.

ஜூன் வரக்கூடிய நிலையில் இல்லை. இரண்டையும் வாரில் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தியபடி, மண்மேட்டைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே இறங்கினேன். விழுந்த மரத்தில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தாள்; மூன்று ஓநாய்கள் அவளைச் சுற்றி. நாயைத் தாக்கிக்கொண்டிருக்கும் ஓநாயைச் சுடலாம் என்று மொன்டானா சட்டம் சொல்கிறது. சுட்டால் 72 மணி நேரத்துக்குள் மாநில வனவிலங்குத் துறைக்குச் சொல்லி உடலை ஒப்படைக்க வேண்டும். படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. நாயும் ஓநாயும் சேர்ந்து புரளும்போது எதைக் குறிபார்ப்பது? சத்தத்தை நம்புங்கள். சத்தத்துக்குத்தான் அவை விலகிப் போயின. பிறகு தடத்தைப் பார்த்தோம், ஐந்து ஓநாய்கள். எங்கள் சுற்றுக்குள் எங்கேயும் இருக்கவில்லை. முகட்டுக்கு அப்பாலிருந்து குரைப்பு வந்த திசையைப் பிடித்து நேராக இறங்கி வந்திருக்கின்றன.

ஓநாய்க் கடியை வெளியே தெரிவதை வைத்து எடைபோடாதீர்கள். பல் இறங்கிய துளை சின்னதாக இருக்கும், உள்ளே தசை நசுங்கிக் கிழிந்திருக்கும். உப்புநீரால் கழுவி, சுத்தமான துணியால் கட்டு போட்டு, நாயைச் சூடாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். காட்டிலேயே ஸ்டேப்ளர் போட்டுத் துளையை மூடுகிற வேலை வேண்டாம், உள்ளே சீழ் கட்டிவிடும். வலியில் சொந்த நாயும் கடிக்கும், மூச்சுத் திணறல் இல்லையென்றால் வாயைக் கட்டிவிட்டுத் தூக்குங்கள். போனில் “வாருங்கள்” என்று சொன்ன கிளினிக்குக்கு விரைந்து போனால், அங்கே அறுவைசிகிச்சை டாக்டர் அன்று வரவே இல்லை. ரத்தம் கசியும் நாயோடு மறுபடியும் மிசூலா நகரம் வரை. “திறந்திருக்கிறதா” என்று கேட்காதீர்கள், “அறுவைசிகிச்சை செய்யும் டாக்டர் இப்போது இருக்கிறாரா” என்று கேளுங்கள். மிசூலாவில் காயத்தைத் திறந்து சுத்தம் செய்து, நீர் வடிய ரப்பர் குழாய் வைத்துத் தைத்தார்கள். இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தால் காலே போயிருக்கும் என்றார் அந்த டாக்டர். ராத்திரி இரண்டு தடவை போன் செய்து எப்படி இருக்கிறாள் என்று கேட்ட அந்த மனுஷிக்கு ஆயுசு நூறு.

நஷ்டஈடு கிடைக்குமா என்று போனில் கேட்டபோது, படங்களையும் பில்லையும் எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னார்கள். பனியில் தடத்தின் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்திருந்தேன் (நீங்களும் எடுங்கள், வெயில் ஏறினால் தடம் உருகிப் பெரிதாகிவிடும்). எல்லாவற்றையும் கொண்டுபோய் நீட்டினால், அந்தப் படிவம் கால்நடைக்கானதாம். மாடு, ஆடு, குதிரைக்கு உண்டு, மந்தையைக் காக்கும் நாய்க்குக்கூட உண்டு, வேட்டை நாய்க்கு இல்லை. விதி அதுவென்றால் போனிலேயே சொல்லியிருக்கலாமே. விஸ்கான்சினில் வேட்டை நாய் ஒன்றுக்கு 2,500 டாலர் வரை கொடுக்கிறார்கள்.

முள் வைத்த மேலுடை போடலாமே என்று பலர் கேட்டார்கள். ஸ்வீடன், பின்லாந்து பக்கம் மூஸ் மான் வேட்டை நாய்களுக்குப் போடுகிறார்கள். விழுந்த மரங்களும் புதரும் நிறைந்த எங்கள் சரிவுகளில் அது சிக்கிக்கொண்டு நாய் மாட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறேன். வெட்டவெளியில் ஓடும் நாய் என்றால் யோசிக்கலாம். ஆனால் பையில் ஒரு கம்பி வெட்டி கட்டாயம் இருக்கட்டும். 2021-இலிருந்து மொன்டானாவில் ஓநாய்க்குக் கம்பிக் கண்ணி வைக்கவும் அனுமதி. கழுத்தில் இறுகிய கம்பியைக் கையால் பிரிக்க முடியாது. ஜிபிஎஸ் கருவியை ஜாக்கெட்டுக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

மார்ச் கடைசியில் ஜூனை மறுபடியும் அழைத்துப் போனோம். முதலில் சுற்று, அப்புறம்தான் பெட்டி. ஒரு மணி நேரத்துக்குள் நாய்கள் பெண் சிங்கம் ஒன்றை மரமேற்றிவிட்டன. பக்கத்திலேயே குட்டியின் சின்னத் தடங்கள் இருந்தன. குட்டியோடு இருக்கும் தாயைச் சுடக் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் சுட்டிருக்க மாட்டோம். நாய்களை வாரில் கட்டி உடனே இறங்கி வந்துவிட்டோம்.

மாநில வனவிலங்கு ஆணையம் பொதுமக்களின் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொள்கிறது. ஓநாய்க் கூட்டங்கள் சுற்றும் ஓடைகளின் பெயர்களைச் சீசன் சமயத்தில் வாரம் ஒருமுறையாவது வெளியிட வேண்டும், வேட்டை நாயையும் நஷ்டஈட்டுப் பட்டியலில் சேர்க்கச் சட்டசபைக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று ஜூனின் படங்களோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். பெரியவரும் தனியாக ஒன்று எழுதியிருக்கிறார். இங்கே நாய் வைத்திருப்பவர்கள் அடுத்த டிசம்பருக்கு முன்பே ஆளுக்கொன்று எழுதிப் போடுங்கள்.