எல்லாம் அறிக்கையில் இருக்கு சார்

"தம்பி, இது உங்க காசா இருந்தா போடுவீங்களா?" என்று சார் கேட்டார். "எல்லாம் அறிக்கையில் இருக்கு சார்" என்றேன். அது பொய் இல்லை, உண்மையிலேயே எல்லாம் இருந்தது. ஆனாலும் அந்தப் பதில் இன்னும் என்னை உறுத்துகிறது.

ஹாங்காங் குதிரை ரேஸில் கணக்குப் போட்டு ஜெயிக்க நினைப்பவர்கள் எல்லோருக்கும் பில் பென்டரைத் தெரியும். 1980-களில் அங்கே போய் கணினி மாதிரியை நம்பிப் பந்தயம் கட்டியவர். 1994-ல் தன் வழிமுறையைக் கட்டுரையாகவே எழுதினார். அதை அச்செடுத்து ஓரமெல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருந்தார் சார். நண்பர்களோடு சேர்ந்து அதே வழியில் ஒரு மாதிரியும் எழுத வைத்திருந்தார். அதைச் சோதித்துச் சொல்வதுதான் என் வேலை.

எழுதியவர் கெட்டிக்காரர். ஷா டின், ஹேப்பி வேலி என்ற இரண்டு ரேஸ் மைதானங்களுக்கும் தனித்தனிக் கணக்கு. எந்த கேட்டிலிருந்து கிளம்புகிறது, எவ்வளவு எடை சுமக்கிறது, ஜாக்கி யார் என எதையும் விடவில்லை. பழைய பந்தயங்களில் ஓட்டிப் பார்த்தால் நல்ல லாபம் காட்டியது.

எனக்கு இடித்தது ஆட்ஸ் மட்டும்தான், அதாவது ஜெயித்தால் போட்ட பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற எண். அங்கே அதை முன்கூட்டியே நிர்ணயித்துப் பந்தயம் வாங்கும் புக்கி சட்டப்படி கிடையாது. முதலில் வரும் குதிரைமேல் கட்டும் வின் பந்தயத்தில் சேரும் பணத்தில், ரேஸை நடத்தும் ஜாக்கி கிளப் 17.5 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதனால் கேட் திறக்கும் வரை ஆட்ஸ் மாறிக்கொண்டே இருக்கும். கடைசி நிமிடங்களில்தான் பெரிய பணம் இறங்கும். மாதிரி வைத்திருந்ததோ, எல்லாம் முடிந்த பிறகு பதிவான ஆட்ஸ்.

ஒரு குதிரைக்கு 15 சதவீத வாய்ப்பு என்கிறது மாதிரி. ஐந்து நிமிடம் முன்னால் ஆட்ஸ் 8. பத்து டாலர் போட்டால் சராசரியாகப் பன்னிரண்டு திரும்ப வரும் என்று நம்பிப் போடுகிறோம். கேட் திறக்கும்போது ஆட்ஸ் 6 ஆகிவிடுகிறது. இப்போது அதே பத்துக்கு ஒன்பதுதான். சோதனையில் இந்தக் குதிரையை மாதிரி தொட்டிருக்கவே செய்யாது, ஏனென்றால் அதற்கு முடிவு ஆட்ஸ் முன்கூட்டியே தெரியும். பந்தயம் கட்டும் மனிதனுக்குத் தெரியாது.

முன்கூட்டிய ஆட்ஸ் சேமித்து வைத்திருந்த பந்தயங்களை மட்டும் எடுத்து மறுபடி ஓட்டினேன். லாபம் மெலிந்துபோனது. பிழை வரம்பைச் சேர்த்தால் லாபமும் வரலாம், நஷ்டமும் வரலாம். இரண்டு முடிவுகளையும் காரணத்தோடு எழுதிக் கொடுத்தேன்.

சார் முழுதாகப் படித்தார், புரிந்துகொண்டார். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி.

சோதிப்பவன் ஆலோசகன் இல்லை என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் ரேஸில் பத்து டாலர்கூடப் போட்டதில்லை. அது என் சுபாவம், நல்ல பங்கு என்றாலும் வாங்கத் தயங்குகிறவன் நான். "போட மாட்டேன்" என்றிருந்தால் என் பயத்தைக் கணக்கின் முடிவு என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். இது நியாயமான காரணம்தான். ஆனால் சார் எண்ணைக் கேட்கவில்லையே. எண் அவர் கையிலேயே இருந்தது. அந்த எண்களோடு இத்தனை நாள் புழங்கிய ஒருவனுக்கு மனதில் என்ன படுகிறது என்று கேட்டார். என்னிடம் தெளிவான பதில் இருந்தது, சொல்லவில்லை.

அவர்கள் போட்டார்கள். எவ்வளவு பணம் கட்டலாம் என்று கணக்கிடும் கெல்லி சூத்திரம் சொன்னதில் கால் பங்குதான், நிதானமாகத்தான். சீசன் நஷ்டத்தில் முடிந்தது. "உங்க அறிக்கை சொன்ன அளவுக்குள்ளதான் தம்பி" என்றார் சார், குரலில் கோபம் துளியும் இல்லை. லாபம் வந்திருந்தாலும் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். எது நடந்தாலும் சரியாக இருக்கும் அறிக்கை அவருக்கு என்ன உதவி செய்தது? ஒரு சீசனில் எண்ணூறுக்கு மேல் பந்தயங்கள் நடந்தாலும், இவ்வளவு மெல்லிய லாபத்தை உறுதிப்படுத்த அது போதாது. தரவு அனுமதித்த உண்மை அவ்வளவுதான். அதற்கு மேல் எழுதியிருந்தால் அது கற்பனை.

இப்போது வேறு துறை. யாராவது அதே கேள்வியைக் கேட்டால், "நான் போட மாட்டேன், ஆனால் அது கணக்கு சொல்வதில்லை" என்று சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் முதல் பாதியை மட்டும்தான் பிடித்துக்கொள்கிறார்கள் என்கிறார் உடன் வேலை செய்யும் ஒருவர். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. போன வருடம் தேறியிருக்கக்கூடிய ஒரு திட்டத்தை, என் அந்த அரை வாக்கியத்தைக் கேட்டுவிட்டு ஒருவர் கைவிட்டார்.