நகரும் குடங்கள்

வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்போது, குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். பின்னால் நிற்பவர் நகர்த்தி வைப்பார். நாளை அவருடையதை நாம் நகர்த்துவோம். யாரும் விதி எழுதவில்லை, பழகிக் கற்றுக்கொண்டதுதான்.

இந்த மாதிரி ஒத்துழைப்பை ஆராய்ந்த அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராட், கணினி நிரல்களைக் ‘கைதியின் இக்கட்டு’ ஆட்டத்தில் திரும்பத் திரும்ப மோதவிட்டு, 1980இல் முடிவை வெளியிட்டார். அந்த ஆட்டத்தில் இருவரும் ஒத்துழைத்தால் இருவருக்கும் நல்லது; ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு இன்னும் லாபம். வென்றது அனட்டோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல்: முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி செய்ததையே செய். ஆனால் ஒரு கைத்தவறு போதும், பழிக்குப் பழி ஓயாது. கொஞ்சம் மன்னிக்கும் நிரல்தான் அங்கே பிழைக்கிறது.

போன மாதம் அம்மா கவனிக்காமல் எதிர்வீட்டு அக்காவின் குடத்தைத் தாண்டி வைத்துவிட்டார். இரண்டு வாரம் பேச்சில்லை. நேற்று அந்த அக்காதான் எங்கள் குடத்தை நகர்த்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.