கிளை அலுவலகங்களுக்கு எஸ்டி-வான்: வேலை நாட்குறிப்பு

3 ஜூன் 2024

எம்பிஎல்எஸ் (தொலைத்தொடர்பு நிறுவனம் வழங்கும் தனிப்பட்ட இணைப்பு) ஒன்றையே நம்பியிருந்த கிளைகளை எஸ்டி-வானுக்கு, அதாவது பல இணைப்புகளில் பொருத்தமானதை மென்பொருளே தேர்ந்தெடுக்கும் வலையமைப்புக்கு, மாற்றும் பணியில் இன்று முதல் பெட்டியைப் பொருத்தினோம். திறந்த மூல மென்பொருளான ஃப்ளெக்ஸிவானைத் தேர்ந்தெடுத்ததற்குச் செலவு மட்டும் காரணமன்று. அதில் தரவுப் பாக்கெட்டுகளைக் கடத்தும் வேலையை விபிபி என்ற மென்பொருளும், பாதைகளை அறியும் வேலையை எஃப்ஆர்ஆர் என்ற மென்பொருளும் பிரித்துக்கொள்வதால், ஒன்றைக் கலைக்காமல் மற்றொன்றில் நமக்குத் தேவையானதைச் சேர்க்க முடிகிறது.

5 ஜூன்

லினக்ஸில் பழகியவர்களுக்கு இங்கே முதலில் புதிதாகத் தெரிவது, பாக்கெட்டுகளைப் பார்க்க உதவும் டிசிபிடம்ப் கருவி எதையும் காட்டாததுதான். டிபிடிகே என்ற நிரல் தொகுப்பு வழியாக நெட்வொர்க் கார்டை விபிபி நேரடியாக எடுத்துக்கொள்வதால் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்கு அந்தக் கார்டு தெரிவதில்லை. பாக்கெட்டைப் பார்க்க வேண்டுமானால் விபிபியின் டிரேஸ் கட்டளையைத்தான் நாட வேண்டும். 4ஜி மோடத்தைக் கெர்னலிலேயே விட்டு, டேப் எனப்படும் மெய்நிகர் இடைமுகத்தின் மூலம் விபிபியோடு இணைத்தோம். வேகம் குறையும் என்றாலும் மாற்று இணைப்புக்கு அது போதும்.

10 ஜூன்

கணக்கு மென்பொருள் சிறிய திரைகளை உடனே காட்டுகிறது, பெரிய அறிக்கைகளில் மட்டும் நின்றுவிடுகிறது என்று கிளையிலிருந்து புகார் வந்தது. பாக்கெட் வழியில் துண்டாக்கப்படுவதைத் தடுத்துப் பிங் (சோதனைப் பாக்கெட்) அனுப்பியபோது, வெறும் ஃபைபரில் 1472 பைட் போய்ச் சேர்ந்தது. தலைப்புகளின் 28 பைட்டையும் கூட்டினால் அது ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவான 1500 ஆகிறது. கிளையையும் மையத்தையும் இணைக்கும் மறையாக்கப் பாதையான டனலுக்குள் அதே பிங் போகவில்லை. ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதியும் விஎக்ஸ்லான் மட்டுமே 50 பைட் எடுத்துக்கொள்கிறது, அதன்மேல் மறையாக்கம் செய்யும் ஐபிசெக்கின் சுமையும் சேர்கிறது. டனலின் எம்டியுவை (பாக்கெட்டின் உச்ச அளவு) 1350 என்றும், டிசிபியின் எம்எஸ்எஸை (தலைப்புகள் நீங்கலாகத் தரவின் உச்ச அளவு) 1310 என்றும் நிர்ணயித்த பிறகு அறிக்கைகள் தடையின்றி வந்தன. எந்தக் கிளையிலும் இதைச் சோதிக்காமல் பயனர்களை மாற்றக் கூடாது என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேன்.

18 ஜூன்

இன்று முழுவதும் பாதைத் தேர்வு விதிகளிலேயே போயிற்று. தொலைபேசி அழைப்புக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ-வின் ஜி.114 பரிந்துரை. ஆனால் ஃபைபர் அந்த எல்லையைத் தாண்டியவுடன் 4ஜிக்கு மாற்றி, சற்றுச் சீரானதும் உடனே திருப்பினால், பாதை ஓயாமல் ஊசலாடும். ஆகவே வெளியேறுவதற்கு ஓர் எல்லையும், சில நிமிடங்கள் தொடர்ந்து சீராக இருந்தால்தான் திரும்பலாம் என்ற கடுமையான வேறொரு நிபந்தனையும் வைத்தோம். டனலுக்குள் ஓடும் அழைப்பின் உள்முகவரி மாறாததால் நடுவில் பாதை மாறினாலும் அது அறுபடுவதில்லை. கிளையிலிருந்து நேரே இணையத்துக்குப் போகும் அமர்வோ, நாட் (NAT) எனும் முகவரி மாற்றம் தரும் வெளிமுகவரி மாறுவதால் அறுந்துவிடும். அதனால் அத்தகைய அமர்வுகளைத் தொடங்கிய இணைப்பிலேயே முடியவிட்டு, புதியவற்றை மட்டும் மாற்றுகிறோம்.

24 ஜூன்

விபிபிக்குச் சொந்தமாக ஒரு பிளகின் (கூடுதல் நிரல்) எழுதலாம் என்று இளைய பொறியாளர் ஒருவர் ஆர்வத்தோடு கேட்டார். ஆண்டுக்கு மூன்று முறை வெளியாகும் விபிபியின் ஒவ்வொரு பதிப்புக்கும் அதை மறுபடி கட்டிச் சோதிக்க ஆள் வேண்டும் என்பதால் நான் ஒப்பவில்லை. அவர் விரும்பியது, கிளையின் பழைய ரூட்டர், பாதைகளைப் பரிமாறும் நெறிமுறையான பிஜிபியில் இயல்புப் பாதையை (வேறு பாதை தெரியாதபோது பயன்படுவது) மையத்துக்கு அறிவிப்பதைத் தடுப்பது. எஃப்ஆர்ஆரில் ஒரு ப்ரிஃபிக்ஸ் பட்டியலும் (முகவரித் தொகுதிகளின் பட்டியல்) ரூட்-மேப்பும் (அறிவிப்புகளை வடிகட்டும் விதி) அதைச் செய்துவிடுகின்றன. மாலையில் அவரே அவற்றை எழுதி, கிளையின் சொந்த முகவரித் தொகுதி மட்டும் மையத்தில் தெரிவதைக் காட்டினார்.