கீழ் லூப் போனால்

நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு என்னிடம் எழுதக் கேட்டது, பள்ளி மண்டபத்தில் அந்த நாளில் காட்டிய படங்களைப் பற்றி. யார் மதில் ஏறிப் பார்த்தார்கள், யார் அதிபரிடம் பிடிபட்டார்கள் என்ற கதைகளை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், விடாமல் எழுதுவார்கள். இங்கே அந்தப் பேய்ப்படங்களும் விண்வெளிப் படங்களும் சண்டைப் படங்களும் எப்படிச் செய்யப்பட்டன என்பதும், அவற்றைத் திரையில் விழுத்திய 16 மி.மீ. புரொஜெக்ரரும் மட்டும்.

மெசினில் தொடங்குவோம். 16 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 40 பிரேம், அதாவது 40 தனிப்படம். செக்கனுக்கு 24 பிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 36 அடி. 1600 அடி றீல் ஒன்று 44 நிமிடம் சொச்சம் வரும். 100 நிமிடப் படத்துக்கு 3600 அடி, மூன்று றீல். ஒரே மெசின் உள்ள மண்டபத்தில் றீல் மாற்ற இரண்டு தரம் லைற் போட்டே ஆக வேண்டும்.

விளக்குக்கும் லென்சுக்கும் நடுவில் உள்ள கேற்றில் பிலிம் நின்று நின்று நகர வேண்டும். மெசினின் நகம் பிலிம் ஓரத்து ஓட்டைக்குள் புகுந்து ஒரு பிரேமைக் கீழே இழுக்கும், பிலிம் நிற்கும், ஷட்டர் திறந்து ஒளி விழும், பிறகு அடுத்தது. ஒலியை வாசிக்கும் உருளையிலோ அதே பிலிம் விக்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். படத்துக்குரிய ஒலி 26 பிரேம் முன்னால் பதிந்திருக்கிறது. அதாவது கேற்றிலிருந்து கிட்டத்தட்ட ஒரு சாண் தள்ளி. ஒரு நாடாவை ஓரிடத்தில் விக்க வைத்து, அடுத்த சாணில் வழுக்கி ஓட வைப்பதுதான் இந்த மெசினின் முழுப்பாடும். அதற்காகத்தான் கேற்றுக்கு மேலே ஒரு லூப், கீழே ஒரு லூப்: தளர்வாக விட்ட பிலிம் வளையங்கள். மேல் லூப் போனால் பிலிம் இறுகி ஓட்டைகள் கிழியும். கீழ் லூப் போனால் படம் மேலும் கீழும் குதித்துக் கோடு கோடாக இழுபடும். அதைச் சின்னதாக விட்டாலோ பெரிதாக விட்டாலோ உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். நடிகர் வாயை மூடின பிறகு அலறல் வந்தால் மண்டபம் சிரித்துவிடும். பேய்ப்படம் அதோடு முடிந்தது.

அறுந்தால் ஒட்டலாம். ஆனால் பிலிம் சிமெந்து பிளாஸ்ரிக்கில்தான் பிடிக்கும், மேலே பூசியிருக்கும் படப்பூச்சில் பிடிக்காது. பூச்சை நன்றாகச் சுரண்டாமல் ஒட்டினவருடைய ஒட்டு அடுத்த ஓட்டத்தில் கேற்றுக்குள்ளேயே விடும். மொட்டர் நின்று விளக்கு நிற்காவிட்டால் திரையில் ஒரு கபிலப் புள்ளி தோன்றிக் குமிழ் விட்டு விரியும். வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி இல்லாத மெசினில் இதற்கு இரண்டு மூன்று செக்கன் போதும்.

இதை இவ்வளவு சொல்லக் காரணம், அந்தக் காலப் படங்களைச் செய்தவர்களின் வேலையும் இதே மாதிரி என்பதுதான். எங்கே இயந்திரம் விக்கியதோ அங்கே கை வைத்தார்கள். அந்தக் கைத்தடம் படத்தில் இன்னும் இருக்கிறது.

1933இல் வந்த ‘கிங் கொங்’கில் அது உண்மையாகவே கைத்தடம். கட்டடத்தின் உச்சியில் நிற்கும் அந்தக் குரங்கு ஏறக்குறைய 24 அங்குலப் பொம்மை. உள்ளே மூட்டு மூட்டாகத் திரும்பும் உலோக எலும்புக்கூடு, மேலே றப்பரும் பஞ்சும், அதற்கு மேல் முயல் தோல். வில்லிஸ் ஓ’பிரையனும் குழுவும் ஒரு பிரேமுக்கு ஒரு தரம் பொம்மையைத் தொட்டு, மயிரளவு நகர்த்தி, கை எடுத்து, கமராவை ஒரு சொடுக்குச் சொடுக்கினார்கள். திரையில் ஒரு செக்கன் ஓட 24 தரம். தொட்ட இடமெல்லாம் மயிர் கலைந்தது. அதனால்தான் படம் முழுக்கக் கொங்கின் உடம்பில் காற்று அடிப்பது போல மயிர் சிலிர்க்கிறது. பிழை என்று செய்தவர்கள் பயந்ததை, கோபத்தில் மயிர் குத்திட்டு நிற்கிறது என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உறுமலுக்கு மரே ஸ்பிவக் என்ற ஒலிக்காரர் சிங்கம், புலியின் உறுமல்களைப் பதிந்து, வேகத்தைக் குறைத்தும் பின்னோக்கி ஓட்டியும் கலந்தார். கொங்கின் உயரம் காட்டில் ஒன்று, நியூயோர்க்கில் இன்னொன்று. காட்டுக்குப் போதுமான உருவம் கோபுரங்களுக்கு நடுவே சிறுத்துவிட்டதால் வேண்டுமென்றே பெருப்பித்தார்கள்.

ஓ’பிரையனிடம் வேலை பழகிய றே ஹரிஹவுசன் 1963இல் ‘ஜேசன் அன்ட் த ஆர்கனோட்ஸ்’ படத்தில் ஏழு எலும்புக்கூடுகளை மூன்று மனிதர்களுடன் வாள் சண்டைக்கு விட்டார். மனிதர்கள் வெற்றுவெளியில் வாளை வீசி நடித்தார்கள். பிறகு ஒவ்வொரு வீச்சுக்கும் ஒவ்வொரு எலும்புக்கூட்டின் கை, கால், தலை, கேடயம் எல்லாம் பிரேம் பிரேமாக ஒத்துப்போக வேண்டும். ஒரு நாள் வேலையில் சராசரி 13 பிரேம், திரையில் அரைச் செக்கனுக்குச் சற்று மேல். அந்தச் சண்டைக்கு நாலரை மாதம் போனது. இன்றைய கணினிச் சண்டைகள் பல அதற்குக் கிட்டவும் நிற்காது என்பது என் அபிப்பிராயம். சண்டைக்கு வர ஆட்கள் உண்டு என்றும் தெரியும்.

யப்பானில் எயிஜி சுபுராயாவுக்கும் ஆசை கொங் போலச் செய்யத்தான். காலமும் காசும் இல்லை. எனவே 1954 ‘கொட்சில்லா’வில் றப்பர் உடுப்புக்குள் ஆளை இறக்கினார்கள். உள்ளே நின்றவர் ஹறுவோ நகஜிமா. உடுப்பின் பாரத்திலும் விளக்குகளின் சூட்டிலும் ஒரு தரத்தில் சில நிமிடம் தான் நிற்க முடிந்தது. கமராவை வேகமாக ஓட்டி எடுத்து, சாதாரண வேகத்தில் காட்டினார்கள். ஏன் என்பது நம் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. விழும் பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்தோடு கூடும். 50 மீற்றர் மிருகத்தை 2 மீற்றர் ஆள் நடித்தால் அளவு இருபத்தைந்தில் ஒன்று. இருபத்தைந்தின் வர்க்கமூலம் 5. ஆகவே நொறுங்கும் பொம்மைக் கட்டடம் உண்மைக் கட்டடம் போல விழ, ஐந்து மடங்கு வேகத்தில், செக்கனுக்கு 120 பிரேம் எடுக்க வேண்டும். இதைச் செய்யாத படங்களில் கோபுரம் தீப்பெட்டி மாதிரிச் சரிவதைப் பார்த்திருப்பீர்கள். உறுமல் ஒரு டபிள் பேஸ் வாத்தியம்: இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே தந்திகளைத் தளர்த்தி, பைன் பிசின் பூசிய தோல் கையுறையால் தேய்க்க வைத்தார். இன்னொன்று. கொட்சில்லாவை எடுத்த தோஹோ கம்பனி அதே ஆண்டு வெளியிட்ட படம் ‘ஏழு சாமுராய்’. அதில் சாமுராய்களின் தலைவராக வரும் தகஷி ஷிமுராதான் கொட்சில்லாவில் வயதான விஞ்ஞானி.

பௌதிகம் என்றதும் 1931 ‘டொக்ரர் ஜெக்கில் அன்ட் மிஸ்ரர் ஹைட்’. நல்லவர் கொடியவனாக மாறும் காட்சியில் நடிகர் பிறெட்றிக் மார்ச்சின் முகம் வெட்டே இல்லாமல் கண்முன் கறுத்துச் சுருங்கும். செய்தது கமராக்காரர் கார்ல் ஸ்ட்றஸ். முகத்தில் சிவப்பு நிறத்தில் கோடும் நிழலும் வரைந்து, லென்சுக்கு முன் சிவப்பு வடிகட்டி வைத்தால் கறுப்பு வெள்ளைப் பிலிமில் சிவப்புத் தெரியாது, தோலோடு தோலாகும். வடிகட்டியை மெல்ல நகர்த்தி நீலப்பச்சைக்கு மாற்றினால் அதே கோடுகள் கறுப்பாக மேலெழும். சிவப்புக் கண்ணாடித்தாளும் சிவப்புப் பேனையும் இருந்தால் மேசையிலேயே செய்து பார்க்கலாம். நிறப்படத்தில் இந்த வித்தை செல்லாது, முகத்தோடு அறை முழுக்க நிறம் மாறிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத மாயமனிதன் கதையான 1933 ‘இன்விசிபிள் மான்’ இதைவிடக் கடினம். தந்திரக் காட்சிகளைச் செய்த ஜோன் புல்ற்றன் செட் முழுவதையும் கறுப்பு வெல்வெற்றால் மூடினார். நடிகருக்கும் உச்சி முதல் பாதம் வரை கறுப்பு வெல்வெற், அதற்கு மேல்தான் சேர்ட்டும் கோட்டும். பிலிமில் வெறும் உடுப்பு மட்டும் பதியும். அதைப் பின்னணியோடு வெட்டிப் பொருத்துவது ஆய்வுகூட வேலை. கண்ணுக்கு விட்ட துளை, கை உடுப்புக்குக் குறுக்கே போகும்போது விழும் கறுப்பு, எல்லாம் காட்டிக்கொடுத்தன. அவற்றைப் பிரேம் பிரேமாகத் தூரிகையால் மறைத்தார்கள். அவ்வளவும் செய்தவர்கள் கடைசியில் சறுக்கினார்கள். உடுப்பில்லாமல் வெறுங்காலோடு பனியில் ஓடும் மாயமனிதனின் அடிச்சுவடு சப்பாத்துச் சுவடாக விழுகிறது.

‘சைக்கோ’ 1960. குளியலறைக் கொலைக் காட்சிக்கு ஏழு நாள், 78 கமராக் கோணங்கள், 52 வெட்டு. இரத்தம் சொக்கிளேற் பாணி. கறுப்பு வெள்ளையில் சிவப்பைவிட அதுதான் தடிப்பாகத் தெரியும். கத்தியின் சத்தம் வெள்ளரிப்பழ இனத்து மெலன் ஒன்றைக் குத்தி எடுத்தது. அந்த இடத்தில் இசையே வேண்டாம் என்பது இயக்குநர் ஹிட்ச்கொக்கின் எண்ணம். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கிரீச்சிட வைத்துப் போட்டுக்காட்டிய பிறகுதான் மனம் மாறினார். படம் முழுக்க நரம்பு வாத்தியங்கள் மட்டுமே. பழைய 16 மி.மீ. மெசினின் சின்ன ஒலிபெருக்கிக்கு அது மிகவும் ஒத்துப்போகும். பேஸ் இல்லாவிட்டாலும் வயலின் காதைக் கிழிக்கும்.

‘ஜோஸ்’ 1975. 25 அடி நீளத்தில் மூன்று இயந்திரச் சுறாக்கள், காற்றழுத்தத்தில் ஓடுபவை. உப்புநீரில் முன்கூட்டிச் சோதிக்காமல் அத்திலாந்திக்கில் இறக்கினார்கள். சைக்கிள் ரிம்மை உப்புக்காற்று என்ன செய்யும் என்று யாழ்ப்பாணத் தீபகற்பத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் போனது. சுறா வராத நாட்களில் ஸ்பீல்பேர்க் நீர்மட்டத்தில் கமராவை வைத்தார், மிதக்கும் மஞ்சள் பீப்பாவைக் காட்டினார், ஜோன் வில்லியம்சின் இரண்டு சுரங்களை ஓட விட்டார். படம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டிய பிறகுதான் சுறாவின் தலை நன்றாகத் தெரிகிறது. மெசின் ஒழுங்காக வேலை செய்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

லண்டன் கிளைக்காரருக்கு ஒரு செய்தி: பெரிய விண்வெளிப் படங்கள் சில உங்கள் பக்கத்தில்தான் எடுக்கப்பட்டன. 1968 ‘2001’ போரம்வூட்டில். விண்கலத்துக்குள் மனிதர் சுவரில் ஓடும் காட்சிக்கு 38 அடி விட்டமும் 30 தொன் எடையும் கொண்ட சில்லு ஒன்றை விக்கேர்ஸ் ஆம்ஸ்ட்றோங் கம்பனி கட்டியது. அது மணிக்கு 3 மைல் வேகத்தில் சுழல, நடிகர் எப்போதும் அடியிலேயே நிற்பார். அவரைச் சுற்றி அறைதான் உருளும். அதே படத்தில் காற்றில் மிதக்கும் பேனை, சுழலும் கண்ணாடித் தட்டில் இருபக்கப் பசை நாடாவால் ஒட்டியது. பணிப்பெண் அதைப் பிடிக்கும்போது சற்றே பிடுங்கி எடுப்பதைக் கவனியுங்கள்.

1979 ‘ஏலியன்’ ஷெப்பேர்ட்டனில். விண்கலத்தின் கால்கள் போதிய அளவு பெரிதாகத் தெரியாததால் இயக்குநர் றிட்லி ஸ்கொட் சின்னப் பிள்ளைகளுக்கு விண்வெளி உடுப்புப் போட்டு அடியில் நடக்க விட்டார். நெஞ்சைப் பிளந்து குட்டி மிருகம் வெளிவரும் சாப்பாட்டு மேசைக் காட்சியில் நடிகர் ஜோன் ஹேர்ட்டின் தலையும் கைகளும் மட்டுமே அவருடையவை. உடம்பு மேசைக்குக் கீழே, மேலே இருந்தது பொய் நெஞ்சு. முதல் தரம் மிருகப் பொம்மை சேர்ட்டைக் கிழிக்க மாட்டாமல் முட்டிக்கொண்டு நின்றது. சேர்ட்டை உள்ளிருந்து கொஞ்சம் அரிந்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். இரத்தம் எவ்வளவு பாயும் என்று மற்ற நடிகர்களுக்குச் சொல்லவில்லை. நடிகை வெறோனிக்கா கார்ட்றைட்டின் அலறல் நடிப்பில்லை.

சங்கத்தின் ஒன்றுகூடலில் இவற்றைப் போட நினைக்கும் கிளைகள் முதலில் ரிவியில் ‘மோஷன் ஸ்மூதிங்’ என்ற வசதியை நிறுத்துங்கள். அது இல்லாத பிரேம்களைத் தானே உண்டாக்கி இடையில் செருகும். கொங்கின் துடிப்பும் எலும்புக்கூடுகளின் வெட்டும் எண்ணெய் பூசினது போல வழுக்கிப் போகும். பழைய படங்கள் நாலுக்கு மூன்று சட்டத்தில் வந்தவை, பக்கங்களில் கறுப்பு நிற்கட்டும், முகங்களை அகட்டாதீர்கள். ‘கிங் கொங்’கில் 1938 மறுவெளியீட்டுக்காக வெட்டிய துண்டுகள் திரும்பச் சேர்ந்த பிரதியா என்று பாருங்கள். ‘கொட்சில்லா’ 96 நிமிட யப்பானியப் பிரதியாக இருக்கட்டும். 1956இல் அமெரிக்க நடிகர் ஒருவரைச் செருகியது வேறு படம். 1922 ‘நொஸ்பெராட்டு’வை நிறம் ஏற்றாத பிரதியில் போட வேண்டாம். அதன் இரவுக் காட்சிகள் பட்டப்பகலில் எடுக்கப்பட்டவை. பிலிமை நீலத்தில் தோய்த்தால்தான் இரவு. நீலம் இல்லாவிட்டால் வெயிலில் அழியும் பிசாசு வெயிலிலேயே உலாத்தும்.

கடைசிப் படமாக 1968 ‘புல்லிட்’டை வையுங்கள். சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் மஸ்ராங்கும் டொட்ஜ் சார்ஜரும் துரத்தும் காட்சி 10 நிமிடம் 53 செக்கன். துரத்தல் சூடுபிடித்ததும் இசை நின்று எஞ்சின் மட்டும் உறுமும். அது இசையமைப்பாளர் லாலோ ஷிஃப்றினுடைய யோசனை. ஒரே இடத்தைப் பல கமராக்கள் எடுத்ததை அடுத்தடுத்து ஒட்டியதால் அதே பச்சை பொக்ஸ்வாகனைத் திரும்பத் திரும்ப முந்துவார்கள். பின்வரிசைப் பெடியன்களுக்கு வேலை வேண்டுமென்றால் சார்ஜரின் சில்லுத் தொப்பிகள் கழல்வதை எண்ணச் சொல்லுங்கள். நாலு சில்லுக் கார்தான். எண்ணிக்கை நாலைத் தாண்டும்.