ஹைப்ரிட் கார் நம்ம ரோட்டுக்கு காசு மிச்சம் பண்ணுமா?

ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோட கரண்டு மோட்டரும் பேட்டரியும் சேந்த கார், வாங்கலாமான்னு யாரு கேட்டாலும் நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், ஒரு நாளைக்கு நீங்க எத்தனை தடவ பிரேக்க மிதிக்கிறீங்க? மைலேஜ் எவ்ளோ, விலை எவ்ளோ, பேட்டரி எத்தனை வருஷம் வரும், இதெல்லாம் அப்புறம் பேசலாம். பிரேக் கணக்கு தெரிஞ்சா மீதி எல்லாம் தானா தெரிஞ்சிடும்.

ஏன் இத எழுதுறேன்னா, எங்க சித்தப்பா காவேரிப்பட்டணத்துல மாங்கா யாவாரம் பண்றவரு, பழைய டீசல் வண்டிய கொடுத்துட்டு ஹைப்ரிட் எடுக்கலாம்னு இருக்காரு. ஷோரூம்ல லிட்டருக்கு 28 கிலோமீட்டர்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவரு என்கிட்ட கேட்ட மொதல் கேள்வி, "ஏன்டா, இதுக்கு ராத்திரி பிளக்கு போட்டு சார்ஜ் ஏத்தணுமா?" இல்ல சித்தப்பா, ஏத்தவும் முடியாது, அதுக்கு சாக்கெட்டே கிடையாது, போடறது எல்லாம் பெட்ரோல்தான்னு சொன்னேன். "அப்புறம் கரண்டு எங்கேர்ந்து வருது"ன்னாரு. ரொம்ப சரியான கேள்வி அது, அதுக்கு பதில் தெரியாமத்தான் நெறைய பேரு பதினஞ்சு இருபது லட்சம் கொட்டறாங்க.

கரண்டு ரெண்டு வழியில வருது. ஒண்ணு, பிரேக் புடிக்கும்போது. சாதாரண வண்டியில பிரேக் மிதிச்சா வண்டியோட வேகம் மொத்தமும் சூடா மாறி காத்துல போயிடும், ஹைப்ரிட்ல மோட்டரே ஜெனரேட்டரா மாறி அந்த வேகத்துல ஒரு பங்க பேட்டரிக்கு அனுப்பும். இன்னொண்ணு, இன்ஜின் ஓடும்போதே கொஞ்சம் கரண்டு செஞ்சு வெச்சுக்கும். பெட்ரோல் இன்ஜின் மெதுவா, லோடு இல்லாம ஓடும்போதுதான் ரொம்ப வீணடிக்கும், சிக்னல்ல நின்னா சுத்தமா வேஸ்ட். அந்த நேரத்துல இன்ஜின அமத்திட்டு மோட்டர்ல நகர்த்தறதுதான் இதுல இருக்குற மொத்த சூட்சுமம். 1997-ல ஜப்பான்ல டொயோட்டா பிரியஸ் வந்ததுலேர்ந்து அடிப்படை இதேதான், மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைக்ராஸ், ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் எல்லாம் உள்ள செய்யற விதம் கொஞ்சம் மாறும், நோக்கம் ஒண்ணுதான்.

இங்க ஒரு விஷயம் உஷாரா பாக்கணும். பின்னாடி ஹைப்ரிட்னு எழுதியிருந்தா எல்லாம் ஹைப்ரிட் இல்ல. மைல்டு ஹைப்ரிட்னு ஒண்ணு இருக்கு, ஸ்மார்ட் ஹைப்ரிட்னும் பேரு வெச்சு விக்கறாங்க, அதுல பெல்ட்ல ஒரு சின்ன மோட்டர் இருக்கும், இன்ஜினுக்கு கொஞ்சம் கை கொடுக்கும், அவ்ளோதான், மோட்டர் மட்டும் தனியா வண்டிய ஓட்டாது. மோட்டர் மட்டுமே வண்டிய நகர்த்தறதுதான் ஸ்ட்ராங் ஹைப்ரிட், நான் மேல சொன்னது அதத்தான். கிராண்ட் விட்டாராவுலயும் ஹைரைடர்லயும் ஒரே பேருல ரெண்டும் கிடைக்குது. ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு கம்பெனி போட்ட மைலேஜ் 27.97, மைல்டு மேனுவலுக்கு 21 சொச்சம். சித்தப்பாவுக்கு 28-னு சொன்னது ஸ்ட்ராங்குக்கு, ஆனா அவரு எழுதிட்டு வந்த விலை மைல்டுக்கு. நல்லவேளை பேப்பர காட்டுனாரு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே கிடையாது, எங்க போறதுன்னாலும் ரோடுதான், அந்த ரோடும் சும்மா ரோடு இல்ல, என்.எச் 44 நடுவுல போவுது, சென்னை போற 48 இங்கேர்ந்துதான் பிரியுது, ஊத்தங்கரை வழியா திருவண்ணாமலை, திண்டிவனம் போறதுக்கும் இங்கேர்ந்தே ரோடு இருக்கு. ரவுண்டானாவுலயும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயும் கொஞ்சம் நெரிசல், அத தாண்டிட்டா தர்மபுரி வரைக்கும் காலு ஆக்ஸிலேட்டர்லயே இருக்கும். 90, 100-னு ஒரே சீரா போவும்போது ஹைப்ரிட்டும் ஒரு பெட்ரோல் வண்டிதான். பிரேக் புடிக்கவே இல்லன்னா எதத் திருப்பி எடுக்கும்? அந்த வேகத்துல பெட்ரோல்ல பெரும்பங்கு காத்த கிழிச்சுட்டு போறதுக்கே செலவாவுது, வேகம் கூட கூட அது எக்கச்சக்கமா ஏறும், எந்த மோட்டராலயும் அத தடுக்க முடியாது. இன்ஜின் அட்கின்சன் சைக்கிள்ங்கற முறையில சிக்கனமா செஞ்சது, அதனால ஹைவேல கொஞ்சம் லாபம் உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஷோரூம்ல சொல்ற அளவுக்கு இல்ல.

கணக்கு போட்டே காட்டுறேன், ஏன்னா எங்க சித்தப்பாவுக்கு நம்பர் காட்டாம எதுவும் நடக்காது. அதே சைஸ் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்க விட ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு ரெண்டரை லட்சம் கூட குடுக்கறோம்னு வெச்சுக்குவோம், பெட்ரோல் லிட்டர் 100 ரூவான்னு ரவுண்டா வெச்சுக்குவோம். நெரிசல்ல பெட்ரோல் வண்டி 13 குடுத்து ஹைப்ரிட் 22 குடுத்தா, 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டருக்கு மேல மிச்சம், 315 ரூவா. கூட குடுத்த காச எடுக்க கிட்டத்தட்ட 80,000 கிலோமீட்டர் ஓடணும். அதே வண்டிங்க ஹைவேல 17-ம் 20-ம் குடுத்தா மிச்சம் 100 கிலோமீட்டருக்கு 88 ரூவாதான், காச எடுக்க 2,80,000 கிலோமீட்டருக்கு மேல ஓடணும். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டறவருக்கு மொதல் கணக்குல ஆறு ஏழு வருஷம், ரெண்டாவது கணக்குல இருபத்தி மூணு வருஷம்! வண்டி ஒண்ணுதான், விலையும் ஒண்ணுதான், ஓடுற ரோடு மட்டும்தான் வேற. இதுல லோன் வட்டிய நான் சேக்கவே இல்ல. உங்க வண்டி நம்பர போட்டு நீங்களே போட்டு பாருங்க, விலை வித்தியாசம் மாடலுக்கு மாடல் மாறும்.

சேலம் போற வழியில தொப்பூர் கணவாய் எறக்கத்துல பேட்டரி நெறஞ்சிடுமே, அது சும்மா கெடைக்கற கரண்டு தானேன்னு தர்மபுரி ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான். நெறையும், அதுதான் பிரச்சினையே. ஹைரைடர் மாதிரி வண்டியில பேட்டரி 0.76 கிலோவாட் அவர்தான், அதாவது முக்கால் யூனிட் கரண்டு, ரொம்ப சின்னது, அதுலயும் முழுசா காலி பண்ணாது, முழுசா நிரப்பாது, நடுவுல இருக்குற பங்க மட்டும்தான் பயன்படுத்தும். நாலு பேரோட ஒன்றரை டன் வண்டி 100 மீட்டர் உயரம் கீழ எறங்குனா அதுல இருக்குற சக்தியே 0.4 கிலோவாட் அவர் வருது. அதனால பாதி எறக்கத்துலயே பேட்டரி போதும்னு சொல்லிடும், அதுக்கப்புறம் இன்ஜின் சத்தம் திடீர்னு ஏறும், பயப்படாதீங்க, வண்டிய புடிச்சு நிறுத்தறதுக்கு இன்ஜின சும்மா சுத்த வுடுது. அந்த எறக்கத்துல கியர் லீவர B-ல (வேகத்த புடிச்சு வெக்கற பிரேக்கிங் மோடு, பார்க்கிங்குக்கான P இல்ல) போடற பழக்கம் வெச்சுக்கங்க. பிரேக் புடிக்காம லாரிங்க மோதி எத்தனை உயிரு போயிருக்குன்னு நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் தெரியும், அங்க பிரேக்க சூடேத்தாம எறங்கறதுதான் முக்கியம், மைலேஜ் இல்ல. ஓசூர்லேர்ந்து சூளகிரி வழியா கிருஷ்ணகிரி எறங்கறப்பவும் இதே கதைதான், 300 மீட்டருக்கு மேல கீழ வர்றோம், ஆனா போவும்போது அதே உயரத்த ஏறியாவணும்ல.

அப்ப யாருக்குத்தான் இந்த வண்டின்னு கேட்டா, எங்க பெரியம்மா பையன் மாதிரி ஆளுங்களுக்கு. அண்ணன் எலக்ட்ரானிக் சிட்டியில வேல பாக்குறாரு, வாரம் பூரா பெங்களூர்ல, லீவுக்கு ஊருக்கு வருவாரு. அவரோட ஹைப்ரிட்ட நான் நெறைய ஓட்டியிருக்கேன். பொம்மசந்திராவுலேர்ந்து சில்க் போர்டு வரைக்கும் மேம்பாலத்துல ஏறாம கீழ் ரோட்டுல ஊர்ந்து போவும்போது மீட்டர்ல மைலேஜ் ஏறிகிட்டே இருக்கும், அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வுட்டு வெளிய வந்து வேகம் புடிச்சா எறங்க ஆரம்பிக்கும். மத்த வண்டிக்கெல்லாம் நடக்குறது இதுக்கு தலைகீழா நடக்குது. அதவிட எனக்கு புடிச்சது அமைதிதான். நெரிசல்ல இன்ஜின் அமந்து கெடக்கும், ஆனா ஏசி ஓடும், ஏன்னா இதுல ஏசி கம்ப்ரஸரே கரண்டுல ஓடுது. பேட்டரி குறைஞ்சா மட்டும் இன்ஜின் எழுந்து கொஞ்ச நேரம் ஓடிட்டு திரும்ப அமந்துடும். கிளட்ச் மிதிச்சு மிதிச்சு முட்டி வலியோட வூட்டுக்கு வந்த மனுசன் இப்ப சிரிச்சுகிட்டு வர்றாரு, இத எந்த கணக்குலயும் எழுத முடியாது, ஆனா உண்மையான லாபம்.

பேட்டரி பயம் நெறைய பேருக்கு இருக்கு. டொயோட்டா 8 வருஷம் இல்லன்னா 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி குடுக்குறாங்க, அதனால வாங்கறவங்க அதுக்காக தூக்கம் கெட வேண்டாம், செகண்ட் ஹேண்டுல எடுக்கறவங்க மட்டும் எத்தனை வருஷம் பாக்கி இருக்குன்னு பாத்துக்கங்க. பேட்டரிக்கு காத்து இழுக்கற ஓட்டை சில வண்டியில பின் சீட்டு பக்கத்துல இருக்கும், அது மேல மூட்ட, பை எதுவும் வெச்சு அடைச்சுடாதீங்க. டிக்கியில இடமும் குறையும், மாங்கா கூடை ஏத்தற எங்க சித்தப்பாவுக்கு இதுவே பெரிய விஷயம்.

வரி விஷயத்துல எனக்கு நெசமாவே வருத்தம். எலக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 4 மீட்டருக்கு மேல நீளமான ஹைப்ரிட்டுக்கு 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 40 சதவீதம், அதுக்கு முன்னாடி செஸ் சேத்து 43. உத்தரப்பிரதேசத்துல 2024-ல ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு பதிவு வரிய தள்ளுபடி பண்ணாங்க. பெட்ரோல மிச்சம் பண்ற வண்டிக்கும் பெட்ரோல குடிக்கற பெரிய வண்டிக்கும் ஒரே ஜிஎஸ்டிங்கறது நியாயமே இல்ல, அந்த வித்தியாசம் குறைஞ்சா மேல போட்ட என் கணக்கு மொத்தமா மாறிடும்.

நாலுவழிச்சாலையில மாசம் மூவாயிரம் நாலாயிரம் ஓட்டறவங்க, பர்கூரு, ஊத்தங்கரை, அரூர்னு சுத்தறவங்க, டீசல்லயே இருங்க, அந்த ஓட்டத்துக்கு டீசல்தான் இன்னமும் சரி. டவுனுக்குள்ளயே சுத்தி ராத்திரி சொந்த வூட்டு வாசல்ல நிறுத்தறவங்களுக்கு எலக்ட்ரிக்கே போதும், எலக்ட்ரிக் ஸ்கூட்டரு நம்ம மாவட்டத்துலயே ஓசூர்லயும் போச்சம்பள்ளி பக்கமும் தயாராவுது, பயந்தவங்க எல்லாம் இப்ப அதத்தான் ஓட்டறாங்க. வாரத்துல பாதி நாளு பெங்களூரு நெரிசல்ல மாட்டறவங்க, ஒரே வண்டியில ஊருக்கும் வரணும், சார்ஜருக்கும் அலையக் கூடாதுன்னு நெனைக்கறவங்க, நீங்க மட்டும் ஹைப்ரிட்ட தைரியமா எடுங்க.

எடுக்கறதுக்கு முன்னாடி ஷோரூம் ஆளு கூட்டிட்டு போற அந்த ரெண்டு தெருவு ரவுண்ட நம்பாதீங்க. தெனமும் நீங்க போற ரோட்டுலயே, போற நேரத்துலயே, ஏசி போட்டு, வூட்டு ஆளுங்கள ஏத்திகிட்டு ஓட்டறேன்னு கேளுங்க. ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணிட்டு கெளம்புங்க, போவும்போது ஒரு நம்பர், வரும்போது ஒரு நம்பர் எழுதிக்கங்க, ஏத்தம் எறக்கம் இருக்குறதால ஒரு பக்கம் மட்டும் பாத்தா தப்பா காட்டும். சித்தப்பா அடுத்த வாரம் சந்தூர் வரைக்கும் அப்படித்தான் ஓட்டப் போறாரு, நானும் கூட போறேன்.